மளிகைக் கடை முன் காரை நிறுத்திவிட்டுக் குகனிடம் போனவர்களுக்கு

குகன் இறந்துவிட்டார். நேற்று காலை, கடையைத் திறந்து விளக்கைப் போட்ட சற்று நேரத்தில்... மாரடைப்பு. ஐம்பத்தேழு வயது.

நியூஜெர்சி ஐசலினில், ஓக் ட்ரீ ரோட்டை ஒட்டி வேப் கடை, அதாவது மின்சிகரெட் கடை, வைத்திருந்தாரே, அந்தக் குகன். யாழ்ப்பாணத்துக்காரர். "எந்தக் குகன்?" என்று கேட்காதீர்கள். இதைப் படிப்பவர்களில் பலருக்கு நன்றாகவே தெரியும்.

அவர் மனைவி சாந்தினி நேற்று மதியம் நம் தமிழ்ச் சங்கத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் மரண அறிவித்தல் போட்டார். பெயர், வயது, இறுதிச் சடங்கு நடக்கும் இடம், நேரம். அவ்வளவுதான்.

பத்து நிமிடத்தில் அதை நீக்கிவிட்டார்கள்.

குரூப் அட்மினுக்கு ஃபோன் செய்தேன். சங்கச் செயலாளரும் அவர்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். பேரன்ட்ஸ் எல்லாம் இருக்கிற குரூப். அவரோட பிசினஸ் அப்படி. சங்கத்துக்குன்னு ஒரு இமேஜ் இருக்குல்ல?"

"நீங்க எத்தனை ஓம் காயில் போடறீங்க?" என்று கேட்டேன்.

காயில் என்பது வேப் கருவிக்குள் திரவத்தைச் சூடாக்கும் சிறிய கம்பிச் சுருள்; ஓம் அதன் மின்தடை அளவு. செயலாளர் அதை வாங்கும்போது நான் பக்கத்தில் நின்றிருக்கிறேன்.

 "அது வேற விஷயம் சார்" என்றார்.

வேறு விஷயமாம்!

மூன்று வருடம் முன்பு நான் முதன்முதலாக அந்தக் கடைக்குப் போனேன். சிகரெட்டை விட வேண்டிய கட்டாயம். வேப் பற்றி ஒன்றும் தெரியாது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்ததிலேயே பெரிதாகப் பளபளத்த ஒன்றைக் காட்டி, அதைக் கேட்டேன்.

"உதை விடுங்கோ அண்ணை. உது புகை மண்டலம் கிளப்பிற ஆக்களுக்கு. முதல்ல சொல்லுங்கோ, ஒரு நாளைக்கு எத்தினை சிகரெட்?"

"எட்டு."

"டொக்டருக்குப் பொய் சொல்லுங்கோ, பரவாயில்லை. எனக்குச் சொன்னா காயில் பிழையாப் போகும்."

பதினைந்து என்று ஒப்புக்கொண்டேன்.

விரல் நீளத்தில், திரவம் தீர்ந்தால் நாமே ஊற்றிக்கொள்ளும் ஒரு சின்னக் கருவியை எடுத்து வைத்தார். "சிகரெட் மாதிரி வாயில இழுத்துப் பிறகு உள்ளுக்க எடுக்கிற ஆள் நீங்கள். ஒரு ஓமுக்கு மேல உள்ள காயில் உங்களுக்குக் காணும். அந்தப் பெரிசுல இதே நிகோடினை ஊத்தினா தலை சுத்தி விழுவீங்கள்."

இன்னொன்றும் சொன்னார். புதுக் காயில் போட்டால், திரவம் ஊற்றிப் பத்து நிமிடம் பொறுக்க வேண்டும். உள்ளே இருக்கும் பஞ்சு நனையாமல் இழுத்தால் கருகிவிடும்.

நான் பொறுக்கவில்லை. காருக்குள் உட்கார்ந்த உடனேயே இழுத்தேன். தொண்டையெல்லாம் கருகல் வாடை. ஐந்தாவது நிமிடம் திரும்பி அவர் முன்னால் நின்றேன்.

"பேப்பர்காரருக்கு எல்லாம் அவசரம்!" என்று சிரித்தார். நான் பத்திரிகையில் எழுதுகிறவன் என்று பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன்.

வேப் நல்லது என்று இங்கே யாரும் சொல்லவில்லை. குகனே சொன்னதில்லை. இருபத்தொரு வயது ஆகாதவர்களுக்கு அவர் விற்று நான் பார்த்ததும் இல்லை. பதினெட்டு மில்லிகிராமில் தொடங்கிய நிகோடின் அளவைப் பன்னிரண்டு, ஆறு, இப்போது மூன்று என்று எனக்குக் குறைத்துக்கொண்டே வந்தவர் அவர்தான். "சைபருக்கு வந்தா பிறகு இந்தப் பக்கம் வராதேங்கோ அண்ணை" என்பார்.

அவரிடம் நாம் எப்படிப் போனோம்?

காரைப் பக்கத்து மளிகைக் கடை முன்னால் நிறுத்துவோம். கையில் ஒரு துணிப்பை. நியூஜெர்சியில் கடைகளில் பிளாஸ்டிக் பை கிடையாது என்பதால், சங்கம் பொங்கலுக்குக் கொடுத்த பை, கரும்பும் பானையும் அச்சடித்தது. அதில் இரண்டு கட்டுக் கீரை. அதற்கு அடியில் குகனிடம் வாங்கியது.

"அண்ணை, உங்கட சங்கம் என்ர கடைக்குப் பை அடிச்சுத் தந்திருக்கு!" என்று ஒருநாள் அவரே சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். என் கையிலும் அதே பைதான்.

சென்ற வருடம் பொங்கல் விழாச் சாப்பாட்டைத் தான் கொடுப்பதாகக் குகன் சங்கத்துக்கு எழுதினார். மேடையில் கடைப் பெயரைக்கூடச் சொல்ல வேண்டாம் என்றார்.

கமிட்டி கூடியது. மேசையைச் சுற்றி ஒன்பது பேர். நான்கு பேரை அவர் கடையில் நானே பார்த்திருக்கிறேன். என்னைச் சேர்த்தால் ஐந்து.

வேண்டாம் என்று ஒருமனதாக முடிவானது.

ஆமாம், நானும்தான் கை தூக்கினேன். முப்பது வருடம் ஊரில் உள்ளவர்களை எல்லாம் கேள்வி கேட்டு எழுதியவன், அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. திறந்தால் வீட்டில் தெரிந்துவிடும்! என் மனைவிக்கே இந்தப் பதிவைப் படித்தால்தான் தெரியும்.

மறுநாள் கடைக்குப் போனேன். "எப்பவும் எடுக்கிறதுதானே அண்ணை?" என்றார்.

இன்று காலை சாந்தினி அழைத்தார். இறுதிச் சடங்கு நடக்கும் ஃபியூனரல் ஹோமில், எத்தனை நாற்காலி போடுவது என்று கேட்கிறார்களாம்.

"எங்கட சொந்தக்காரர் எல்லாம் கனடாவில. விசா, வேலை எண்டு சொல்லுகினம். இங்க ஆரும் வருவினமோ தெரியேல்ல. பத்துக் கதிரை எண்டு சொல்லட்டோ அண்ணை?"

"அறுபதுன்னு சொல்லுங்கம்மா" என்றேன்.

நாளை சனிக்கிழமை, காலை பத்து மணி. இடம் கேட்பவர்களுக்கு இன்பாக்ஸில் அனுப்புகிறேன்.

கீழே கமெண்டில் கைகூப்பிய படம் போடாதீர்கள். அழுகிற முகமும் வேண்டாம். நேரில் வாருங்கள். அறுபது நாற்காலி.

போய் வாருங்கள், குகன்.