தட்டுத் திருப்புற நேரம்

1. பாட்டை நிறுத்துகிற வேலை

இலங்கை மலையகத்து ஹட்டனில் ரேடியோவும் கிராமபோனும் விற்கிற கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, முதலாளி சலீம் நானா எனக்குக் கொடுத்த முதல் வேலை பாட்டை நிறுத்துவது. போடுவது இல்லை, நிறுத்துவது.

தோட்டங்களில் சம்பளம் போட்ட மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கடை வாசலில் கட்டியிருந்த ஸ்பீக்கர் குழாய்க்குக் கீழே ரோட்டை அடைத்துக்கொண்டு சனம் நிற்கிறது. புதுப் படத்துப் பாட்டு ஓடுகிறது. பல்லவி முடிந்து, சரணத்தில் குரல் மேலே ஏறப்போகிற இடத்தில் நான் ஊசியைத் தூக்கிவிட வேண்டும். மிச்சம் வேண்டுமானால் இசைத்தட்டை வாங்கிக்கொண்டு போகட்டும் என்பது முதலாளியின் கணக்கு.

"சனத்தப் பசியோட அனுப்பணும் தம்பி. இங்கயே வயிறு நெறஞ்சிட்டா ஆரு வாங்கப் போறாங்க?" என்றார்.

நான் தூக்கினேன். ரோட்டிலிருந்து தேயிலைக் கொழுந்து பறிக்கிற ஒரு பெண் கத்தாமல், ஆனால் எனக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "மூஞ்சப் பாத்தா படிச்ச புள்ள மாதிரி இருக்கு. கை மட்டும் கசாப்புக்கடைக் கை."

ஆனால் சனம் எங்களைவிடக் கெட்டிக்காரர்கள். பல்லவியை எங்கள் கடையில் பிடித்துக்கொள்வார்கள். எதிர்ச் சாப்பாட்டுக்கடை ரேடியோவில் அதே பாட்டு வரும்வரை இன்னொரு கூட்டம் பிளேன்டீயோடு காத்திருக்கும். சரணம் அங்கே கிடைக்கும். பஸ் ஏறும்போது இரண்டையும் ஒட்டிக்கொள்வார்கள். திங்கட்கிழமை காலை மலையில் முழுப் பாட்டும் ஒலிக்கும்.

அன்றைக்கே முதலாளி இரண்டு சட்டங்கள் சொன்னார். ஒரு தட்டுக்கு ஒரு ஊசி, போட்ட ஊசியை மறுபடி போடாதே. தட்டின் முகத்தில் விரல் படக்கூடாது, ஓரத்தை மட்டும் பிடி. இரண்டாவது சட்டத்தை மறந்துவிடாதீர்கள், பிறகு அது வேலைக்கு வரும்.

இந்தத் தொழிலுக்கு வர ஆசைப்படுகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கே இன்னும் வயதாகவில்லை. ஆனால் இந்தத் தொழில் ஓடுகிற வேகத்தில் நாலைந்து வருஷத்தில் ஒருவன் பழைய ஆளாகிவிடுகிறான்.

2. அலமாரி

பாட்டின் சரித்திரம் படிக்க நான் எந்தப் புத்தகமும் தேடவில்லை. எங்கள் அலமாரியே போதும். அடித்தட்டில் நாடகப் பாட்டு. ராஜா வேஷக்காரர் ஒரு வார்த்தையை எடுத்து அதைச் சுற்றி ஊர்வலம் போய்த் திரும்பி வருவதற்குள் தட்டு முடிந்துவிடும். பழைய கங்காணிமார் அதற்காகவே வருவார்கள், கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்கள். நடுத்தட்டில் பாடகர் பாடி, கதாநாயகன் வாயசைக்கத் தொடங்கிய காலம். பாட்டு சின்னதாகிறது, வார்த்தை புரிகிறது, வயலின் கூட்டமாக வருகிறது. மேல்தட்டில் போங்கோ, கிட்டார், விசில். அந்தத் தட்டைப் போட்டால் கடைக்குள் நிற்கிறவர்களின் செருப்பு தானாக ஆடும். தேயிலைப் பெட்டி ஏற்றி வரும் லொறி டிரைவர் சிறிசேன அதே மெட்டைச் சிங்களத்தில் பாடிக்கொண்டு வருவார். "ஒங்க ஆளு எங்ககிட்ட எடுத்தது" என்பார். இல்லை, உங்கள் ஆள்தான் எங்களிடம் எடுத்தார் என்பேன் நான். கடைசியில் இரண்டு பேருமே இந்தியில் எடுத்தார்கள் என்று சமாதானமாவோம்.

இதில் ஒரு சங்கதி. கறுப்புக் கனத்த தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துக்குமேல் பிடிக்காது. படத்தில் பாட்டு நீளமாக இருந்தால் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். நடுவில் மெஷினை நிறுத்தி, தட்டைத் திருப்பி, ஊசி மாற்றி, சாவி கொடுத்து மறுபடி வைக்க வேண்டும்.

படம் பார்த்தவர்களுக்கு அது தொல்லை. ஆனால் தோட்டத்தில் பாதிப்பேருக்கு அந்தப் பாட்டு தட்டிலிருந்துதான் தெரியும். அவர்களுக்கு அந்த இடைவெளியும் பாட்டில் ஒரு பகுதி. மலையில் பாடும்போதும் பாதியில் நிறுத்தி, கூடையைக் குலுக்கி, மூச்சு வாங்கி, பிறகு தொடங்குவார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

3. தப்புக்கு மிஞ்சிய இடம்

டயகமப் பக்கம் ஒரு தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு வருஷா வருஷம் எங்கள் செட்தான் போகும். ஆம்ப்ளிஃபயர், இரண்டு குழாய், தட்டு மெஷின், கூடவே நான்.

செட் வருவதற்கு முன்னால் அங்கே திருவிழா என்றால் முத்தையா அண்ணனும் அவருடைய ஆட்களும் அடிக்கிற தப்பு மேளந்தான். காலையில் வேலைப் பெரட்டுக்கு ஆள் கூப்பிடுவதிலிருந்து சாமி புறப்பாடுவரை எல்லாம் அந்தத் தோல்தான் சொல்லும். செட் வந்ததும் கமிட்டித் தலைவர் சுப்பையா கங்காணிக்கு நாகரிகம் பிடித்துக்கொண்டது. குழாய் இருக்கும்போது தப்பு எதற்கு என்று ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தார். சாமி தூக்கும்போது கொஞ்சம், அவ்வளவுதான். மேடைப் பக்கமே வரக்கூடாது.

ஒரே ஓர் இடம் மிஞ்சியது. பெண்கள் கோலாட்டம். கொழுந்து மலையில் முன்வரிசைக்காரி செல்லாயி அக்கா பழக்கிய ஆட்டம், ஒரு நீளமான இரண்டு பக்கப் பாட்டுக்கு. முதல் பக்கம் முடிந்ததும் பெண்கள் கோலை உயர்த்தி அப்படியே நிற்பார்கள். நான் தட்டைத் திருப்புகிற நேரம் முழுவதும் மேடைக்குக் கீழே இருந்து முத்தையா அண்ணன் குழு அடிக்கும். ஊசி மறுபடி 'கர்' என்றதும் தப்பு நின்றுவிட வேண்டும். பல தடவை நல்ல அடி பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறது. ஆனாலும் சனம் காத்திருந்தது அந்த நேரத்துக்குத்தான். அதை மட்டும் கங்காணியால் எடுக்க முடியவில்லை. ஏனென்றால் அந்த இடத்தில் மெஷினிடம் போடுவதற்கு ஒன்றுமில்லை.

4. அப்பம்

அந்த வருஷம் கடைக்குப் புது பிளாஸ்டிக் தட்டுகள் வந்திருந்தன. சின்னது, மெலிசு, கீழே விழுந்தால் உடையாது. ஒரு பக்கத்தில் முழு நீளப் பாட்டும் நிறுத்தாமல் ஓடும். கூடவே கரண்டில் ஓடுகிற மெஷின், ஊசி மாற்றத் தேவையில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. முதலாளிக்கு நம்பிக்கை இல்லை. கையில் எடுத்து வளைத்துப் பார்த்து, "இதுல பாட்டுக்கு எடையே இல்லையே தம்பி" என்றார். இருந்தாலும் திருவிழாவுக்குப் புது மெஷினையே கொண்டுபோகச் சொன்னார். அது பழைய தட்டையும் ஓட்டும்.

சிறிசேனவின் லொறியில் போய் இறங்கினேன். தேயிலைப் பெக்டரியிலிருந்து வயர் இழுத்து, குழாய்களை மரத்தில் கட்டி முடித்தபோது மத்தியானம். கோலாட்டத் தட்டைக் கேட்டேன். அது கமிட்டியின் சொத்து, கங்காணி வீட்டில் இருக்கும்.

கங்காணி துணியில் சுற்றி மரியாதையாகக் கொண்டுவந்தார். பிரித்துப் பார்த்தால் தட்டு நடுவில் குழிந்து, ஓரம் மேலே வளைந்து, சட்டியிலிருந்து எடுத்த அப்பம் மாதிரி இருக்கிறது.

நடந்தது இதுதான். மழைக்காலத்தில் எங்கள் மலையில் பெட்டிக்குள் வைத்த வேட்டியில்கூடப் பூஞ்சணம் பிடிக்கும். தட்டிலும் பிடித்திருக்கிறது. ஈர விறகு, ஈரத் துணி, ஈரச் செருப்பு எல்லாவற்றையும் காய வைப்பது போலவே வீட்டில் அதையும் அடுப்புக்கு மேல் பரணில் வைத்துக் காய வைத்திருக்கிறார்கள். பூஞ்சணம் போய்விட்டது. தட்டும் போய்விட்டது.

"இதுல ஒரு முட்டைய ஊத்திக் குடுத்தா நல்லா இருக்கும்" என்றாள் செல்லாயி அக்கா. பெண்கள் சிரித்தார்கள். கங்காணி சிரிக்கவில்லை.

நான் பெருமையாக என் பெட்டியைத் திறந்தேன். அதே பாட்டு, புதுத் தட்டில், முழுசாக. ஒரு தடவை ஆடிப் பார்க்கலாம் என்றேன்.

குழாயில் வந்த சத்தத்தில் எல்லோரும் ஒரு கணம் வாய் பிளந்து நின்றார்கள். கரகரப்பு இல்லை, பாடுகிறவள் பக்கத்தில் நிற்கிற மாதிரி. ஆட்டம் தொடங்கியது. வழக்கமான இடம் வந்தது. பெண்கள் கோலை உயர்த்தி நின்றார்கள். முத்தையா அண்ணன் கை ஓங்கி முதல் அடி அடித்தார். பாட்டு நிற்கவில்லை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. உயர்த்திய கோல்கள் உயர்ந்தபடி நின்றன. அண்ணனின் இரண்டாவது அடி தோல் வரை வந்து நின்றுபோனது.

கங்காணிதான் முதலில் பேசினார். "இதுவும் நல்லதுக்குத்தான். பாட்டு முழுசா இருக்கு. இனி நடுவுல தப்பு என்னத்துக்கு? புள்ளைகளா, நிக்காம ஆடிருங்க. அடுத்த வருசத்துக்கும் இப்புடியே வச்சுக்குவோம்."

முத்தையா அண்ணன் தப்பைத் தோளிலிருந்து இறக்கினார். கவ்வாத்தில் வெட்டிய தேயிலை மிலாறுகளை மூட்டி, தோலை முறுக்கேற்ற நெருப்பில் காட்டிக்கொண்டிருந்த தன் ஆட்களைப் பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, இந்தத் தட்டத் திருப்பவே வேணாங்களா?"

நான் ஊசியைத் தூக்கி வைத்தேன்.

செல்லாயி அக்கா கோலை இடுப்பில் செருகினாள். "அந்த எடத்துல நின்னாத்தான் எங்களுக்கு மூச்சு. தப்பு இல்லாம நாங்க ஆட மாட்டோம் கங்காணி. ஒங்க பாட்டுக்கு நீங்களே ஆடிக்கிருங்க."

5. கண்ணைக் காட்டுகிறவரை

சாயங்காலக் கோலாட்டத்துக்குள் வழி கண்டுபிடிக்க வேண்டும். முதலில் சுவிட்சை அணைத்துப் பார்த்தேன். பாடுகிறவளின் குரல் இறங்கி, இறங்கி, வயிற்றுவலி வந்த மாடு மாதிரி ஆகி நின்றது. மறுபடி போட்டால் அதே மாடு எழுந்து வந்தது. லயத்து வீட்டுப் பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரித்தார்கள். பிறகு ஊசியைத் தூக்கி வைத்துப் பார்த்தேன். விட்ட இடத்தில் உட்காரவே இல்லை. ஒரு தரம் சரணத்தில், ஒரு தரம் பல்லவியில். பழைய தட்டில் பக்கத்தின் தொடக்கத்தில் வைத்தால் போதும். இதில் அந்த ஒற்றைக் கோட்டை எங்கே தேடுவது?

காலைப் பனியில் மெஷினின் ரப்பர் விரிப்பு ஈரமாகியிருந்தது. அதை எடுத்துவிட்டு, ஆம்ப்ளிஃபயர் மூடுகிற ஃபிளானல் துணியை வட்டமாக வெட்டிப் போட்டேன். தட்டை வைத்து ஓடவிட்டு, நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று ஓரத்தை விரலால் லேசாகத் தொட்டேன்.

தட்டு நின்றது. கீழே மெஷின் சுற்றிக்கொண்டே இருந்தது.

விரலை எடுத்தேன். தட்டு ஓடியது, பாட்டு விட்ட இடத்திலிருந்து வந்தது. ஊசி இடத்தைவிட்டு நகரவே இல்லையே, எப்படித் தவறும்? கனத்த தட்டாக இருந்தால் இது நடந்தே இருக்காது. எடை இல்லை என்று முதலாளி குறை சொன்னாரே, அந்த எடையில்லாமைதான் இதைச் செய்கிறது. ஒரு கையால் வால்யூமை இறக்கி, மறு கையால் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தேன். வெட்டியது போல அமைதி. விட்டேன். பாட்டு. எனக்கு எழுந்து குதிக்க வேண்டும் போலிருந்தது. கையில் பாட்டைப் பிடித்துக்கொண்டு எப்படிக் குதிப்பது?

முத்தையா அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து, நிற்கிற தட்டையும் சுற்றுகிற மெஷினையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எம்புட்டு நேரம் புடிச்சிருப்பீங்க?"

"நீங்க அடிக்கிற வரைக்கும் அண்ணே."

"கர்ருன்னு வந்து எங்கள வெட்டாதா?"

"வெட்டாது."

அவர் நிமிர்ந்தார். "அப்ப நான் கண்ணக் காட்டுற வரைக்கும் விட்றாதீங்க தம்பி."

சாயங்காலம், மூடுபனி இறங்குவதற்கு முன்னால், கோலாட்டம். வழக்கமான இடம் வந்தது. வால்யூமை இறக்கினேன், ஓரத்தைப் பிடித்தேன். கோல்கள் உயர்ந்தன. தப்பு தொடங்கியது.

ஒரு தட்டைத் திருப்புகிற நேரத்துக்குள் அடைத்துவைத்திருந்த அடியைத்தான் நான் அதுவரை கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அது வெளியே வந்தது. முதலில் பழைய அளவிலேயே அடித்துவிட்டு என்னைப் பார்த்தார்கள், நிஜமாகவே விடமாட்டேனா என்று. நான் விடவில்லை. அதற்கப்புறம் அடி பிரிந்தது, இரண்டிரண்டாகக் கேள்வி பதிலாகப் போனது. செல்லாயி அக்கா உயர்த்திய கோலை இறக்கித் தப்புக்கே ஆடத் தொடங்கினாள். மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். மேல்தட்டுப் பாட்டில் போங்கோ செய்கிற வேலையை இந்தத் தோல் எப்போதோ செய்து முடித்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. என் விரல் நுனி மரத்துப்போனது. கங்காணி எழுந்து நின்று கைகாட்டினார், நிறுத்து என்கிறாரா ஆடு என்கிறாரா என்று தெரியவில்லை. யாரும் பார்க்கவும் இல்லை.

அண்ணன் கடைசி அடியை இறக்கி, என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். விட்டேன். பாடுகிறவள் ஒன்றுமே நடக்காத மாதிரி அடுத்த அடியை எடுத்தாள்.

பாட்டு முடிந்து சனத்தின் சத்தம் அடங்க வெகுநேரமாயிற்று. சாமி புறப்படும்போது கங்காணி என் பக்கத்தில் வந்து, ரொம்பச் சாதாரணமாக, அடுத்த வருஷத்துக்கும் இந்தத் தட்டையே கொண்டுவாருங்கள், நடுவில் பிடிக்கிறதையும் சேர்த்து, என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஹட்டன் திரும்பி முதலாளியிடம் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். ஓடுகிற தட்டைக் கையால் பிடித்தேன் என்றதும் அவர் முகம் மாறியது.

"ஓரத்தத்தானே புடிச்ச?"

"ஓரத்தத்தான், நானா."

"அப்ப சரி" என்று தேநீருக்குச் சொல்லி அனுப்பினார்.

6. கேலரி

அந்த வருஷமே பூண்டுலோயாவிலிருந்தும் உடப்புசல்லாவையிலிருந்தும் ஆள் வந்து, பாட்டைப் பிடித்து நிறுத்துகிற செட் வேண்டும் என்று கேட்டார்கள். ஃபிளானல் துணி வெட்டி வெட்டி, ஆம்ப்ளிஃபயருக்கு மூடி இல்லாமல் போனது.

இந்த வேலையில் நான் கற்றது இவ்வளவுதான். புது மெஷின் வந்தால் அது என்ன செய்யும் என்பதைப் பிறகு பார்க்கலாம். பழைய மெஷினால் முடியாத இடத்தில் சனம் எதை வைத்திருந்தார்கள் என்று முதலில் பாருங்கள். அதற்கு இடம் விட்டுவிட்டுப் புதுசைப் போடுங்கள்.

பிறகு அந்தப் படமே மறுபடி ஹட்டன் தியேட்டருக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மெட்டினி, கேலரி முழுக்கத் தோட்டத்துச் சனம், நானும் நடுவில். பாட்டு வந்தது. திரையில் நாயகி ஆற்றங்கரையில் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தாள். அந்த இடம் வந்ததும் ஒரு பெஞ்சில் ஒருவர் தட்டினார். அடுத்த பெஞ்சு பதில் சொன்னது. அப்புறம் கேலரியே தட்டியது. நாயகி வாயசைக்கிறாள், ஒரு வார்த்தை கேட்கவில்லை. மனேஜர் டோர்ச் லைட்டோடு ஓடிவந்து, படத்தில் சத்தம் நின்றுவிட்டதா என்று முன்பெஞ்சில் கேட்டார்.

"ஓடுதுங்க, நீங்க போங்க" என்றார் ஒருவர், தட்டுவதை நிறுத்தாமல். "தட்டுத் திருப்புறாங்க."