யானாவின் சூப்பும் லவாலுக்குப் போகும் வழியும்

சைவச் சாப்பாட்டைத் தேடி ஊர் ஊராகப் போகிறவள் நான். சமைத்துக் கொடுப்பதற்காகப் போனது இதுதான் முதல் தடவை. ப்ராக்கில் வேலை பார்த்த வருடத்தில் கற்றுக்கொண்ட 'பிரம்போராச்கா' என்னும் உருளைக்கிழங்கு சூப்பைப் பற்றி எப்போதோ இந்த வலைப்பதிவில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு மாண்ட்ரியலிலிருந்து சிவநேசன் என்ற யாழ்ப்பாணத்துக்காரர் எழுதினார். அவருடைய மனைவி யானா செக் நாட்டுக்காரர், இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. ஆட்டைத் திவசத்துக்கு, அதாவது முதல் வருடத் திவசத்துக்கு, அந்தச் சூப்பைத்தான் படைக்க வேண்டும். யானா இருந்தவரை அடுப்புப் பக்கம் யாரையும் விட்டதில்லை, அதனால் வீட்டில் யாருக்கும் செய்யத் தெரியாது. வர முடியுமா என்று கேட்டிருந்தார். உனக்குப் பைத்தியமா என்றாள் என் தோழி. நவம்பர் கடைசியில் கிளம்பிவிட்டேன்.

நான் இருக்கும் டொரண்டோவிலிருந்து ஐந்நூற்று நாற்பது கிலோமீட்டர். காலை எட்டரை மணி பஸ் நடுவில் ஒரு இடத்தில் நின்று மாலை மூன்றரைக்குக் கொண்டுபோய் விட்டது. பஸ் நிலையத்தை ஒட்டியே மெட்ரோ. ஆரஞ்சுப் பாதையில் ஜான்-டலோன் வரை போய், நீலத்துக்கு மாறி, பார்க் நிலையத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து பத்து நிமிட நடை. அந்த ஊர் வீடுகளுக்கு மாடிப்படி வெளியே இருக்கும். பனி மூடிய இரும்புப் படிகளில் கைப்பிடியை விடாமல் ஏறினேன்.

வீடு முழுக்க அட்டைப்பெட்டிகள். திவசம் முடிந்த மறுநாள் ஆற்றுக்கு அந்தப்பக்கம் லவால் நகரில் இருக்கும் மகள் நீலாவிடம் குடிபோகிறாராம். நான் அங்கிள் என்றேன். அண்ணை என்று கூப்பிடுங்கோ, போதும் என்றார். தேநீர் தந்துவிட்டு, எதற்காக என்னை இவ்வளவு தூரம் வரவழைத்தார் என்பதைச் சொன்னார்.

"யானாவுக்கு லவால் வீடு தெரியாது பிள்ளை. அவள் போன பிறகுதான் நீலா அதை வாங்கினவள். நாளைக்குச் சூப்புக்கு வந்தாளெண்டால் சொல்லிப்போடலாம்."

தபால்காரரிடம் புது விலாசம் சொல்வது போலத்தான் சொன்னார். "வரலைன்னா?" என்றேன்.

"வராட்டி இஞ்சை தனிய இருப்பாள்."

மறுநாள் காலை சமையல். என் பையைத் திறப்பதற்கு முன்பே சமையலறையில் மரு வாசனை அடித்தது. கதம்பத்தில் வைத்துக் கட்டுவோமே, அதே மருதான், செக் நாட்டில் காயவைத்துச் சூப்பில் போடுவார்கள். பல வருடம் ஒருத்தர் சமைத்த இடம், சுவரில் ஏறியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெண்ணெயில் வெங்காயத்தையும் மாவையும் சிவக்க வறுத்து, உருளைக்கிழங்கு, காரட், காய்ந்த காளான், அது ஊறிய தண்ணீர் எல்லாம் சேர்த்துக் கொதிக்கவிட்டேன். பூண்டில் வந்து கை நின்றது. திவசத்துக்குப் பூண்டு ஆகாது, ஆனால் பூண்டு இல்லாமல் இந்தச் சூப்பே இல்லை. அவரிடம் கேட்டேன்.

"உள்ளி போடுங்கோ. இல்லாட்டி வேறை ஆரின்ரையோ வீடெண்டு திரும்பிப் போயிடுவாள்."

படைப்பதற்கு முன் ருசி பார்க்கக் கூடாது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான், அதனால் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகவே இல்லை. முன்னறையில் யானாவின் படத்துக்கு முன் வாழையிலை போட்டோம். வெறும் சோறு, பழம், யானாவின் நீலக் கிண்ணத்தில் சூப். விளக்கை ஏற்றிவிட்டு, வந்தவர் நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டு நடையில் நின்றோம். அப்போதுதான் உறைத்தது. நான் உப்பே போடவில்லை. எப்போதும் கடைசியில் ருசி பார்த்துத்தான் போடுவேன். அவரிடம் சொன்னேன். இப்போது திறக்கக் கூடாது என்று கையைக் காட்டினார்.

உள்ளே பீங்கானில் ஏதோ பட்ட சத்தம், ஒரே ஒரு தடவை. ஹீட்டர் குழாயாக இருக்கும் என்று நினைத்தேன். இலைப்பக்கம் கரண்டி வைத்தோமா என்று யோசிக்கவே பயமாக இருந்தது.

வெகுநேரம் கழித்து அண்ணை செருமிவிட்டுக் கதவைத் திறந்தார். விளக்கு ஆடாமல் எரிந்தது. கிண்ணம் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. கரண்டி ஒன்று எடுத்துவந்து ஒரு வாய் குடித்தவர், "உப்பு அளவாக் கிடக்கு" என்றார். என் மனம் நோகக் கூடாது என்று சொல்கிறார் என நினைத்து நானும் குடித்தேன். அளவாகத்தான் இருந்தது. சமையலறைக்கு ஓடினேன். காலையில் தெருமுனையில் 'தெப்பனேர்' என்கிற பெட்டிக்கடையில் வாங்கிய உப்புப் பெட்டி வாய் பிரிக்காமலே இருந்தது. வேறு உப்பெல்லாம் மூட்டை கட்டியாகிவிட்டது. சட்டியில் மிச்சமிருந்த சூப்பைக் குடித்துப் பார்த்தேன். சப்பென்றிருந்தது. அவ்வளவு பயம் எனக்கு அதற்குமுன் வந்ததில்லை.

திரும்பி வந்தபோது அண்ணை இலைக்கு முன் உட்கார்ந்து யானாவோடு பேசிப் பழகிய ஃப்ரெஞ்சில் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். எனக்குப் புரிந்தது நிலையங்களின் பெயர்கள் மட்டும். பார்க், ஜான்-டலோன், ஆரஞ்சுப் பாதையின் கடைசி நிறுத்தமான மோன்மொரான்சி. நடுவில் என் பக்கம் திரும்பி, மோன்மொரான்சியில் எந்த வாசலால் வந்தால் பஸ் நிற்கும் என்று கேட்டார். போனில் பார்த்துச் சொன்னேன். அதையும் படத்திடம் சொன்னார்.

போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். மருவைக் கடைசியில்தான் போட வேண்டும், உள்ளங்கையில் தேய்த்து. மாண்ட்ரியல் தீவுக்குள் மட்டும் செல்லுபடியாகும் டிக்கெட்டை வைத்துக்கொண்டு லவாலுக்குப் போக முடியாது, இரண்டு மண்டலத்துக்குமானதைக் கேட்டு வாங்குங்கள். இதை அண்ணை யானாவிடம் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. இதையெல்லாம் நான் நம்புகிறேனா என்று கேட்டால், நடந்ததை எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான்.

மறுநாள் காலை நீலா கார் கொண்டுவந்தார். டோர்வல் விமான நிலையத்தில் வேலை, இந்தச் சடங்குகளில் நம்பிக்கை கிடையாது. முதலில் என்னை பஸ் நிலையத்தில் விடுவதாகச் சொன்னார். நான் பின்சீட்டில் ஏறினேன். வீட்டைப் பூட்டி, படியில் மெல்ல இறங்கிவந்த அண்ணை முன்கதவுக்குப் போகவில்லை. எனக்கு மறுபக்கத்துப் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். பனி உள்ளே அடித்தது.

"அப்பா, குளிருது. கதவைச் சாத்துங்கோ."

"பொறு பிள்ளை. கொம்மாவுக்கு வழி பிடிபடாது. தனிய விட ஏலாது."

நீலா ஹீட்டரைக் கூட்டிவைத்தார். நான் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் ஓரமாகத் தள்ளி உட்கார்ந்தேன்.