ஒன்பதாம் நம்பர் லொறியின் மூன்றாவது படி

எஞ்சினை நிறுத்தி, திறப்பைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டு, பையின் பொத்தானையும் பூட்டிய பிறகுதான் கேதீஸ்வரன் லொறியைச் சுற்றத் தொடங்குவார். கையில் சின்னச் சுத்தியல். சில்லு, சட்டம், படி, தொட்டியின் விளிம்பு, ஒவ்வொன்றிலும் இரண்டு தட்டு. கணீரென்று கேட்டால் நகர்வார். மந்தமாகக் கேட்டால் குனிந்து, உப்புப் பொருக்கைச் சுரண்டி, உள்ளே இரும்பு மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பார். "வெளியால வெள்ளையா, வடிவா இருக்கும். உள்ளுக்க ஒண்டும் இராது," என்பார். "சில மாப்பிள்ளையள் மாதிரி."

மெல்பனின் மேற்கு ஓரத்தில், கொள்கலன் கிடங்குகளுக்கு நடுவே அவர் வேலை செய்யும் லொறி யார்ட் இருக்கிறது. குளிர்காலத்தில் பன்னிரண்டு லொறிகள் அங்கிருந்து மலைப்பாதைகளுக்குப் போய், உறைந்து கிடக்கும் தெருக்களில் உப்பும் பொடிக்கல்லும் தூவிவிட்டுத் திரும்பும். திரும்பும்போது உப்பு லொறியையும் கொஞ்சம் தின்றிருக்கும். தொட்டிக்கு அடியில் ஓடும் சங்கிலி, பின்னால் சுழலும் தட்டு, ஏறி இறங்கும் படிகள், எல்லாவற்றையும் பார்த்து அனுப்புவது கேதீஸ்வரனின் வேலை. பதினொரு வருடமாகப் பார்க்கிறார். அதற்கு முன்பு கோழி வெட்டும் தொழிற்சாலையில் குழாய் பிடித்துத் தரை கழுவினார்.

தொட்டிக்குள் தலையை விடுமுன் கல்யாண மோதிரத்தைக் கழற்றிவிடுவார். தான் உள்ளே நிற்கும்போது வேறு யாரும் சங்கிலியை ஓடவிடாதபடி தன் சொந்தப் பூட்டைச் சுவிட்சில் மாட்டுவார். பூட்டோடு தொங்கும் சிவப்பு அட்டையில் அவருடைய படம், அடர்த்தியான மீசையோடு. இப்போது மீசை இல்லை. "பூட்டு என்ர. படத்தில நிக்கிற ஆளை எனக்குத் தெரியாது," என்று முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு சொல்வார். மத்தியானத்துக்குள் புருவத்தில் உப்புத் தூள் படிந்துவிடும். வீட்டில் கறிக்கு உப்புப் போதாது என்று ஒருநாளும் குறை சொன்னதில்லையாம்.

அவருக்குக் கஷ்டமானது ஒன்றுதான்: எழுத்து. லொறியில் கண்ட குறையை ஆங்கிலத்தில் டப்லெட் திரையில் உள்ள செயலியில் பதிய வேண்டும். பதிந்த உடனே வேர்க்‌ஷொப்காரர் வந்து லொறியில் மஞ்சள் அட்டை ஒன்றைக் கட்டுவார்கள். பழுது தீர்ந்தால்தான் அது கழலும். அட்டை இல்லையென்றால் லொறி பத்திரம் என்று அர்த்தம். கையுறையைக் கழற்றிவிட்டு, விறைத்த ஒற்றை விரலால் 'ஸ்டெப் நோ குட்' என்று ஒவ்வோர் எழுத்தாகத் தேடிக் குத்துவார். மூன்று நான்கு சொல்லுக்கு மேல் போகாது. ஆனாலும் பத்து வருடம் தவறாமல் குத்தினார்.

தாட்சாயினி வந்த பிறகுதான் அது நின்றது.

தாட்சாயினி பெப்ரவரியில் பாதுகாப்பு அதிகாரியாகச் சேர்ந்தவள். அவளுடைய வீட்டில் பட்டம் பெற்ற முதல் ஆள். ஆறு மாதம் தகுதிகாண் காலம். யார்ட்டில் எல்லோருக்கும் அவள் 'டக்‌ஷி'. மஞ்சள் மேலங்கியிலும் அப்படித்தான் தைத்திருந்தது. முதல் வாரமே கேதீஸ்வரன் கிட்ட வந்து, "பிள்ளை தமிழோ?" என்று கேட்டார். அவள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "ஓம் அங்கிள்," என்றாள்.

அன்றிலிருந்து அவர் டப்லெட்டைத் தொடவில்லை. "நாலாம் நம்பருக்கு ஹோஸ் கசியுது பிள்ளை," என்று வாயால் சொல்வார். அவள் பதிந்துவிடுவாள். ஒருமுறை அவளே, "நீங்களும் எழுதிப் பழகுங்கோ அங்கிள்," என்று சொன்னாள். "எங்கட பிள்ளைக்குச் சொன்னாப் பிறகு எழுத்து என்னத்துக்கு?" என்று கேட்டார். அதைக் கேட்க அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஜூலையில் ஒரு புதன்கிழமை காலை. தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். அவர்களையும் மேலாளர் டேமியனையும் தாட்சாயினி யார்ட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தாள். கேதீஸ்வரன் லொறிகளுக்கிடையிலிருந்து வெளிப்பட்டு நேரே அவளிடம் வந்தார்.

"பிள்ளை, ஒன்பதாம் நம்பரில மூண்டாம் படி ஆடுது. வெல்டிங்கை உப்புத் திண்டிட்டுது. ஆரும் ஏறினா விட்டிடும்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். இத்தனை பேர் நடுவில், இவ்வளவு சத்தமாக, தமிழில். அவளுக்குக் காது சுட்டது.

"லொக் இட் இன் தி அப், கெத்," என்று செயலியில் பதியச் சொன்னாள். அவரை அவள் 'கெத்' என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அவர் தலையாட்டினார். பிறகு, "சரி பிள்ளை, மறக்காதேங்கோ," என்று தமிழிலேயே சொல்லிவிட்டுப் போனார். அவள் ஆங்கிலத்தில் பேசியதை அவர் விருந்தினருக்கு முன்னான மரியாதை என்று எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். வந்தவர்களில் ஒருவர், அவர் என்ன சொன்னார் என்று விசாரித்தார். "குட் மோர்னிங் சொல்கிறார்," என்று தாட்சாயினி ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தாள். அன்று முழுக்க விருந்தினரோடு ஓடியதில் ஒன்பதாம் நம்பர் அவள் நினைவுக்கு வரவேயில்லை.

வியாழன் காலை லொறியில் மஞ்சள் அட்டை இல்லை. பிள்ளை பதிந்து, வேர்க்‌ஷொப் சரிசெய்துவிட்டது என்று கேதீஸ்வரன் நம்பி, தட்டிப் பார்க்காமலே ஏறினார். மூன்றாவது படி அவரோடு சேர்ந்து கொங்கிறீட்டில் விழுந்தது. வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது.

விபத்து அறிக்கை எழுதுவது தாட்சாயினியின் வேலை. காரணம் என்ற கட்டத்தில், 'பணியாளர் குறையைச் செயலியில் பதிவு செய்யவில்லை' என்று எழுதினாள். திரும்பத் திரும்ப வாசித்தாள். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் அவளை மூன்று நாள் சாப்பிட விடவில்லை.

திங்கட்கிழமை விசாரணை. சின்ன அறை, ஒரு மேசை, மூன்று பேர். படி ஆடுவது தெரிந்தும் பதியாமல் விட்டது நிரூபணமானால் கேதீஸ்வரனுக்குச் சோதனை செய்யும் அனுமதி போய்விடும். கை ஆறி வந்ததும் லொறி கழுவும் இடத்தில் தண்ணீர்க் குழாயைப் பிடிக்க வேண்டியதுதான். அது அவருக்குத் தெரியும். தாட்சாயினியின் தகுதிகாண் காலம் முடிய மூன்று வாரம் இருப்பதும் தெரியும். அவளே எப்போதோ சொல்லியிருந்தாள்.

டேமியன் அறிக்கையை வாசித்துவிட்டு, யாரிடமாவது சொன்னாயா என்று நிதானமாகக் கேட்டார்.

"நோ," என்றார் கேதீஸ்வரன். "ஐ ஃபொகெட்." பிறகு தாட்சாயினியின் பக்கம் திரும்பினார். "மறந்திட்டன் எண்டு எழுதுங்கோ பிள்ளை. எனக்குக் குழாய் பிடிக்கிறது புதுசில்லை. கெதியா முடிச்சுப்போட்டு எழும்புவம்."

டேமியன் கையெழுத்துக்காகத் தாளை அவர் பக்கம் தள்ளினார். அவர் இடது கையால் பேனையை எடுத்தார்.

"இவர் எனக்குச் சொன்னவர்," என்றாள் தாட்சாயினி.

தமிழிலேயே வந்துவிட்டது. டேமியன் புரியாமல் பார்த்தார். அவள் ஆங்கிலத்தில் மறுபடி சொன்னாள்: புதன்கிழமை, ஒன்பதாம் நம்பர், மூன்றாவது படி, விருந்தினரிடம் தான் சொன்ன பொய். டேமியனின் முகத்தைப் பார்த்துத்தான் சொல்லத் தொடங்கினாள். பாதியிலேயே கண் வழுக்கி, மேசைமேல் மாவுக்கட்டோடு கிடந்த கையில் போய் நின்றுவிட்டது.

கேதீஸ்வரன் பேனையை வைத்தார். அந்தக் கையை மற்றக் கையால் மெல்லத் தூக்கி, மேசைக்குக் கீழே எடுத்து வைத்துக்கொண்டார்.