குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா?

எனக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தபோது வயது இருபத்தெட்டு. அது இரண்டாயிரத்து நான்கு. பாடாலூர் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் டீச்சர் வேலை, கல்யாணம் ஆகவில்லை. திருச்சியில் எனக்கு ஆபரேஷன் செய்த டாக்டரம்மா, இந்த வயதில் வந்தால் அது பரம்பரையாக வந்ததா என்று பார்ப்பது நல்லது என்றார். ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பிப் பார்க்கலாம், ஆனால் குடும்பத்தில் இன்னும் யாருக்காவது இருந்திருந்தால்தான் அங்கே எடுத்துக்கொள்வார்கள். அப்படி யாராவது உண்டா என்று அப்பாவிடம் கேட்டார்.

அப்பா விரலை மடக்கி எண்ணினார். செட்டிகுளத்தில் எங்களோடு ஒரே குலசாமி கும்பிடுகிற பங்காளி வீடுகள் பதினொன்று. ஒவ்வொரு வீடாகச் சொல்லி, யார் எதில் போனார் என்றும் சொன்னார். மாரடைப்பு, பாம்பு, சாராயம். "எங்க குடும்பத்துல ஒருத்தருக்கும் இல்லீங்க" என்று முடித்தார். அம்மா வழியையும் விசாரித்தார்கள். அங்கே எல்லாரும் நன்றாக இருந்தார்கள். டாக்டரம்மா, "இல்லை" என்று எழுதிக்கொண்டார்.

அப்பா பொய் சொல்லவில்லை. பொய் சொல்லியிருந்தால் எனக்கு இத்தனை ஆத்திரம் வந்திருக்காது. அவருக்கு இரண்டு அக்காக்கள். மூத்தவர் கீழப்பழுவூரில் வாக்கப்பட்டு, மாரில் புண் வைத்து, நாற்பது வயதுக்குள் போய்ச் சேர்ந்தார். இளையவர் ஜெயங்கொண்டம் பக்கம், அதே நோவு. இரண்டு சாவுக்கும் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைக் கொண்டுபோய்ப் போர்த்தியவர் அப்பாதான். சேலை போர்த்த மட்டும் உடன்பிறந்தவர்கள், டாக்டர் கேட்டால் வேறு குடும்பம். கட்டிக்கொடுத்ததோடு அவர்களுக்கு வேறு குலசாமி, வேறு பங்காளி. அந்த விரல்களில் அவர்களுக்கு இடமில்லை.

நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். படித்தவள், பிள்ளைகளுக்கு அறிவியல் நடத்துகிறவள். எனக்கும் தோன்றவில்லை. அதை நினைத்தால் இன்றும் என்னையே நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கிறது.

எட்டு மாதம் போனது. மருந்தெல்லாம் ஏற்றி, முடி கொட்டி, மறுபடி முளைத்த பிறகு, செக்கப்புக்குப் போன இடத்தில் புதிதாக வந்திருந்த சின்ன டாக்டர், "உங்களுக்கு அத்தைங்க இருக்காங்களா?" என்று கேட்டாள். சொன்னேன். பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். அன்றைக்கே ரத்தம் எடுத்தார்கள். முடிவு வர மேலும் சில மாதங்கள். அப்பா வழியில்தான் வந்திருக்கிறது என்றார்கள். என் தங்கைக்கும் அது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு, சீக்கிரம் அழைத்து வாருங்கள் என்றார்கள்.

தங்கையை அரியலூரில் கொடுத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். ஆம்பளை வழியாக மார் நோவு எப்படி வரும் என்று முதலில் சிரித்தார். பிறகு குரலை இறக்கினார்.

"அவளக் கட்டிக் குடுத்தாச்சும்மா. இனிமே அது அவங்க வூட்டு விஷயம். நாமளே போயி இப்படின்னு சொன்னா, கொண்டாந்து விட்டுட்டுப் போயிருவாங்க."

"விடட்டும்ப்பா. உசுரோட விடட்டும். இல்லாட்டி அவளுக்கும் ஒரு சேலை எடுத்து வச்சுக்குங்க."

அவர் முன்னால் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அம்மா, சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று அவர் பின்னாலேயே வாசல்வரை போனார். அது எனக்கு மேலும் எரிச்சலைக் கிளப்பியது.

மறுநாள் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு அரியலூர் பஸ் ஏறினேன். தங்கையின் மாமியார் காபி கொடுத்து, உடம்பு தேவலையா என்று விசாரித்துவிட்டுக் கடைக்குக் கிளம்பினார். அவர் தலை மறைந்ததும் தங்கையை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பயப்படாதே, இப்போதைக்கு ரத்தம் மட்டும்தான் எடுப்பார்கள் என்றேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துத் தன் ரவிக்கையின் இடப்பக்கம் வைத்து அழுத்தினாள். கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒன்று, கெட்டியாகத் தட்டுப்பட்டது.

"தீவாளிலேருந்து இருக்குக்கா" என்றாள். "எந்த வூட்ல சொல்றதுன்னு தெரியல."