பாதி டேங்க் காட்டிய முள்

டக், டக், டக்.

பட்டறைப் பக்கமிருந்து அந்தச் சத்தம் வந்தபோது லொரெத்தா சமையலறையில் பீன்ஸ் சூப்பில் ரொட்டியை ஊறவைத்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினாள்.

"கண்ணாடியைத் தட்டாதீங்க நத்சரேனோ! உடைஞ்சுதுன்னா இத்தனை பழைய பெட்ரோல் மீட்டருக்கு நான் எங்க போறது?"

"உடைக்கல தாயி, எழுப்பிவிடுறேன். முள்ளு படுத்தே கெடக்குது, கழுதை!"

"அது சரியாத்தான் படுத்திருக்கு. டேங்க்ல அஞ்சு லிட்டர்தானே ஊத்தியிருக்கேன்? நீங்க வந்து ஒரு வாய் சாப்பிடுங்க."

"பசிக்கல."

லொரெத்தா ரொட்டியை அப்படியே வைத்துவிட்டாள். சூப்பு வேண்டாமென்று சொல்கிற மனிதரா நத்சரேனோ! முப்பத்தொரு வருடம் மலைப்பாதையில் பேருந்து ஓட்டியவர். வழியில் எந்த ஊரில் எந்தக் கடையில் என்ன நன்றாயிருக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். எழுபத்தொன்பது வயதில் இன்று, சிவப்பு நிறத் திறந்த காருக்குள், தண்டனை பெற்ற பள்ளிப் பிள்ளை போல உட்கார்ந்திருந்தார்.

அந்த இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் அவர் ஓய்வு பெற்றபோது வாங்கியது. அதற்கு அப்போதே வயது அதிகம். கடந்த நான்கு மாதங்களில் அது மூன்று முறை பெட்ரோல் தீர்ந்து நடுவழியில் நின்றுவிட்டது. மூன்றாம் முறை நின்றது கணவாய்ச் சுரங்கத்துக்குள். பின்னால் வந்த மரலாரி ஒரு கை தூரத்தில் பிரேக் பிடித்து நின்றது. ஒவ்வொரு முறையும் கிழவர் சொன்னது ஒன்றுதான்: "முள் பாதி டேங்க் காட்டுச்சு." இரண்டு பட்டறைகளில் பார்த்தார்கள். மீட்டரில் குறையே இல்லை என்று இரண்டு பேரும் எழுதிக் கொடுத்தார்கள்.

மீட்டரில் குறையில்லை என்றால் வேறு எதில் குறை? மகன் டானிலோ அந்தக் கேள்விக்கு விடை சொல்லாமலே சாவியை எடுத்து வைத்துக்கொண்டான். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஞாபகசக்தி மருத்துவரிடம் நேரமும் வாங்கிவிட்டான். மறதி நோய் என்று மருத்துவர் எழுதிவிட்டால் லைசென்ஸ் போகும். கார் அன்கோனா நகரத்தில் அதை வாங்கக் காத்திருக்கும் ஒருவனுக்குப் போகும்.

காலையில் டானிலோவே அவரையும் காரையும் கொண்டுவந்து லொரெத்தாவின் பட்டறையில் விட்டிருந்தான். அப்பாவுக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, நீங்களும் பார்த்து ஒரு வரி எழுதிக் குடுங்க. மூணாவது ஆளும் சொல்லிட்டா அவரே ஒத்துக்குவாரு. எனக்கு ராத்திரியில தூக்கமே வர்றதில்ல. கண்ணை மூடினா அந்த லாரிதான் தெரியுது."

கெட்ட பிள்ளை என்று அவனைச் சொல்ல முடியாது. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

லொரெத்தாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஃபாப்ரியானோ ஊரில் அவளைத் தெரியாத வண்டிக்காரர்கள் கிடையாது. ஆனால் அவள் கார்ப் பட்டறையில் வளர்ந்தவள் அல்ல. பத்தொன்பது வருடம் சலவை இயந்திரத் தொழிற்சாலையில் கம்பி கோத்தவள். தொழிற்சாலை மூடிய அன்று வாசலில் எல்லோரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவளும் அழுதாள். மறுவாரமே, கடைசியாகக் கிடைத்த பணத்தில் இந்தக் கொட்டகையை வாடகைக்கு எடுத்து, 'லொரெத்தா – கார் எலெக்ட்ரீஷியன்' என்று பலகை மாட்டினாள். ஊர் மெக்கானிக்குகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "வாஷிங் மெஷின்காரிகிட்ட காரை விட்டா சுத்தமாத் துவைச்சு, பிழிஞ்சு குடுப்பா" என்றார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் இப்போது கம்பிச் சிக்கல் வந்தால் பின்கதவு வழியாக அவளிடம் வருகிறார்கள். அவள் யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. ஆனால் "முன்வாசல் வழியா வாங்க" என்பாள்.

காலை முழுதும் அவள் செய்யாதது ஒன்றுமில்லை. டேங்க்கை வடித்து, ஐந்து லிட்டர் அளந்து ஊற்றினாள். சாவி டானிலோவிடம் இருந்ததால் மீட்டருக்குத் தனிக் கம்பியில் மின்சாரம் கொடுத்தாள். பெட்ரோலில் மிதந்து அளவைச் சொல்லும் மிதவையைக் கழற்றி, கையாலேயே மேலும் கீழும் அசைத்தாள். முள்ளும் அதற்கேற்றபடி ஏறியது, இறங்கியது. கம்பிகளைச் சோதித்தாள். எல்லாம் சரி. முள் பொய் சொல்லவில்லை.

மூன்று மணிக்கு டானிலோ வந்தான்.

"என்னக்கா?"

லொரெத்தா காகிதத்தை எடுத்தாள். பேனாவைத் திறந்தாள். காருக்குள்ளிருந்து நத்சரேனோ அவளைப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதும்மா" என்றார். "நான் சொன்னது பொய்யின்னு எழுது. நீ எழுதினா நானும் நம்புறேன்."

பேனா காகிதத்தைத் தொடவில்லை. அவளுக்குத் தொழிற்சாலையில் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது. ஒரு சலவை இயந்திரம் பாதித் துவைப்பில் நிற்கிறது என்று நான்கு முறை திரும்பி வந்தது. நான்கு முறையும் சோதனை மேசையில் அது அருமையாக ஓடியது. 'அந்தப் பொம்பளைக்குத்தான் கோளாறு' என்று மேற்பார்வையாளர் எழுதிவிட்டார். மனம் கேட்காமல் லொரெத்தா ஒரு சனிக்கிழமை அந்த வீட்டுக்கே போய் உட்கார்ந்து பார்த்தாள். அந்த அம்மாள் துணியைப் போட்டுவிட்டு, அதே பிளக்கில் இஸ்திரிப் பெட்டியையும் மாட்டினாள். இயந்திரம் நின்றுவிட்டது. தொழிற்சாலையில் யார் இஸ்திரி போட்டுக்கொண்டு சோதிப்பார்கள்?

பேனாவை மூடினாள்.

"டானிலோ, அந்தச் சாவியை உங்க அப்பாகிட்ட குடுங்க."

"அக்கா…"

"குடுங்க. வண்டி எங்கயும் போகாது. நத்சரேனோ, வீட்டுலேர்ந்து எப்படிக் கிளம்புவீங்களோ, ஒண்ணு விடாம அப்படியே செய்யுங்க. நான் இல்லைன்னு நினைச்சுக்கங்க."

"நீ இல்லைன்னு எப்படி நினைக்கிறது, அவ்வளவு பெரிய ஆளாச்சே நீ!" காலையிலிருந்து கிழவர் செய்த முதல் கேலி அது. சாவியை வாங்கிக்கொண்டார். பின்னால் பார்க்கும் கண்ணாடியைச் சரிசெய்தார். கையுறை மாட்டினார். பிறகு, சாவியைத் திருப்புவதற்கு முன்பே, விளக்குகளைப் போட்டார்.

"ஏன்ப்பா லைட்டு? பட்டப்பகல்ல, கொட்டகைக்குள்ள?" என்றான் டானிலோ.

"ஊரைத் தாண்டினா பகல்லயும் லைட்டு போடணும்னு சட்டம் இருக்குல்ல? ஊர் எல்லையில ஞாபகமாப் போடணும்னா மறந்து தொலையும். அதனால உட்கார்ந்ததும் லைட்டு, அப்புறம் சாவி. பஸ்ஸு காலத்துப் பழக்கம்டா. உன்னை மாதிரி ஊருக்குள்ளயே சுத்துறவனுக்கு என்ன தெரியும்!"

சாவியைத் திருப்பினார்.

அடியில் கிடந்த முள் சோம்பல் முறித்தது போல் எழுந்தது. கால் டேங்க். அதையும் தாண்டியது. பாதியில் போய் நின்றது.

டேங்க்கில் ஐந்து லிட்டர்தான்.

லொரெத்தா மீட்டரை ஒட்டிக் குனிந்தாள்.

"விளக்கை அணைங்க" என்றாள் லொரெத்தா. அணைத்தார். முள் விழுந்தது. "போடுங்க." ஏறியது. மூன்று முறை. மூன்று முறையும் அப்படியே.

அவள் டிக்கிக்குள் தலைகீழாய்ப் புகுந்து விரிப்பைக் கிழிக்காத குறையாக இழுத்தாள். பின்விளக்குக்கும் டேங்க் மிதவைக்கும் சேர்த்து ஒரே ஒரு எர்த் கம்பி. மின்சாரம் அதன் வழியாகத்தான் வண்டியின் இரும்பு உடம்புக்குத் திரும்ப வேண்டும். அந்தக் கம்பியை முடுக்கியிருந்த இடத்தில் இரும்பே தெரியவில்லை. பளபளவென்று சிவப்புப் பெயிண்ட்.

"பெயிண்ட் மேலயே போல்ட்டை முடுக்கியிருக்காங்க. மீட்டர் மட்டும்னா கரண்டு போக போல்ட்டோரம் இருக்கிற இந்தச் சின்ன இடுக்கு போதும். விளக்கும் சேர்ந்துட்டா ரெண்டுக்கும் வழி பத்தாது. இந்த மீட்டர்ல வழி அடைஞ்சா முள்ளு மேல ஏறும். லைட்டு போட்டு யாரும் சோதிக்கல. பட்டறைக்குள்ள யாரு லைட்டு போடுவா? ஆமா, பெயிண்ட் எப்ப அடிச்சது?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். டானிலோவின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

"அப்பா பிறந்தநாளுக்கு… நான்தான் அக்கா. அஞ்சு மாசம் முன்னால. புதுசு மாதிரி ஆக்கித் தரணும்னு…" அவனால் முடிக்க முடியவில்லை. காரின் கதவோரம் மண்டியிட்டுவிட்டான். "அப்பா, நான் உங்களை… உங்களைப் போய்…"

நத்சரேனோ கையுறையைக் கழற்றி, மகன் தலையில் கை வைத்தார். அவர் கண்களும் நிறைந்திருந்தன. குரல் மட்டும் பேருந்தில் பின்வரிசைக்குக் கேட்கும்படி கூவிய அதே குரல்.

"எந்திரிடா, கால்சட்டை அழுக்காகுது. நீ பயந்தது எனக்காகத்தானே? லாரி வந்தப்ப நானும்தான் பயந்தேன். பெயிண்ட் அழகாத்தான் இருக்கு. கொஞ்சம் அதிகமாவே அடிச்சுட்டாங்க, அவ்வளவுதான்."

லொரெத்தா அழுதபடியே பெயிண்டைச் சுரண்டினாள். இரும்பு வெள்ளியாய் மின்னியது. போல்ட்டை இறுக்கினாள். விளக்கைப் போட்டார்கள். முள் அசையவில்லை. ஐந்து லிட்டர் என்றால் ஐந்து லிட்டர் என்று கிடந்தது.

"டாக்டருக்கு போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடுறேன்" என்றான் டானிலோ.

"எதுக்கு வேண்டாம்?" கிழவர் நெஞ்சை நிமிர்த்தினார். "வியாழக்கிழமை நானே வர்றேன். என்ன வேணும்னாலும் கேக்கட்டும். என் ரூட்டுல இருந்த நாப்பத்தேழு நிறுத்தத்தையும் முன்னாலேருந்தும் சொல்றேன், பின்னாலேருந்தும் சொல்றேன். அவரு சரின்னு எழுதட்டும். அப்புறம் நான் சாவி கேக்குறேன். இன்னைக்கு நீயே ஓட்டு. லைட்டு போட்டு ஓட்டு."

அவர் பக்கத்து இருக்கைக்கு மாறி, ராஜா மாதிரி உட்கார்ந்துகொண்டார். டானிலோ காரை வாசலுக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்திவிட்டு உள்ளே திரும்பி வந்தான்.

லொரெத்தா மேசைக்குத் திரும்பி, கிடந்த காகிதத்தில் எழுதினாள். 'மீட்டர் தவறாகக் காட்டியது. விளக்கு எரியும்போது, ஐந்து லிட்டருக்குப் பாதி டேங்க். ஓட்டியவர் சொன்னது ஒவ்வொரு முறையும் உண்மை. நான் கண்ணால் பார்த்தேன்.' கீழே முழுப் பெயரையும் எழுதி முத்திரை குத்தினாள். பதினைந்து வருடத்தில் அந்த முத்திரையை அவள் இவ்வளவு அழுத்திக் குத்தியதில்லை.

டானிலோ அதை நின்றபடியே இரண்டு முறை படித்தான். மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். அவள் கையைப் பிடித்தான். கிரீஸும் சிவப்புத் தூளும் அவன் கையில் ஒட்டின. அவன் துடைத்துக்கொள்ளவில்லை.

"அக்கா, ரெண்டு பேர் பார்த்தாங்க. அவங்க மீட்டரைப் பார்த்தாங்க. நீங்க எங்க அப்பாவைப் பார்த்தீங்க."

"போங்க தம்பி" என்றாள். "வெளியில ஹாரன் அடிக்கிறாரு பாருங்க."

அவன் தலையாட்டிவிட்டு முன்வாசல் வழியாக வெளியே போனான். கதவு அவன் பின்னால் மெல்லச் சாத்திக்கொண்டது.