சொந்த விருப்பம்

“யாரு சொல்லிக் கேட்டைத் தொறந்தீங்க?” என்று மில் மேலாளர் கேட்டதும், பெண்கள் விடுதியின் வார்டனம்மா தயங்காமல் என் பக்கம் திரும்பினார். “சார்தானுங்களே சொன்னாங்க. கேட்டுப் பாருங்க.” அது குற்றம் சாட்டும் குரல் அல்ல. துணைக்கு ஒருவர் நிற்கிறார் என்ற நிம்மதிதான் அதில் இருந்தது. “நான் அப்படி எதுவும் சொல்லலீங்க சார்” என்றேன். அந்தச் சொற்கள் என் வாயிலிருந்து அவ்வளவு எளிதாக வந்ததைக் கண்டு முதலில் அதிர்ந்தவன் நான்தான். இருபத்தெட்டு ஆண்டுகள் ஆகியும் அந்த அதிர்ச்சி குறையவில்லை.

கோவைக்கு வடக்கே, அன்னூர்ப் பக்கம் இருந்த ஒரு நூல் மில்லில் நான் தொழிலாளர் நல அலுவலர். அரசியல் அறிவியலில் முதுகலை படித்தவன். மில் வளாகத்துக்குள்ளேயே பெண்களுக்கு விடுதி. பெரும்பாலும் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண்கள். வெளியே போக பாஸ் வேண்டும். தகப்பனோ தாயோ நேரில் வந்தால்தான் நான் அதில் கையெழுத்திடுவேன். அதைப் பாதுகாப்பு என்று சொல்லிக்கொண்டோம். வார்டனம்மா சத்தியமங்கலத்துக்காரர், கணவரை இழந்தவர், விடுதியிலேயே ஓர் அறையில் குடியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போக அவருக்கும் பாஸ்தான்.

தினமும் பதினோரு மணி டீக்கு எங்களுக்குள் வாதம் நடக்கும். ஆட்சிமுறை ஒழுங்காக இருந்தால் தனிமனித சுதந்திரம் தானாக வந்து சேரும் என்பேன். “எந்தக் கட்சி வந்தாலும் நம்ம கேட்டுக்கு இதே பூட்டுதானுங்க சார். நீங்க கிளாஸ் எடுங்க, நான் சாவிய வெச்சிருக்கறேன்” என்பார். நான் விடமாட்டேன். ஓட்டுப் போட யாருடைய பாஸும் தேவையில்லை, தேர்தலன்று ஒரு தொழிலாளியைத் தடுக்க எந்த முதலாளிக்கும் அதிகாரமில்லை, சம்பளத்தோடு லீவு கொடுத்தே ஆகவேண்டும் என்று மேசையைத் தட்டிப் பேசுவேன். ஒருநாள் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “நெசமாலுமேங்களா?” என்று கேட்டார். “சத்தியமாத்தாங்க” என்றேன். எனக்கு அது டீ நேரத்து வாதம். அவருக்கு அப்படி இல்லை என்பது எனக்குத் தோன்றவேயில்லை.

தேர்தல் வந்தபோது மில்லில் அவசர ஆர்டர். ‘எங்கள் சொந்த விருப்பத்தின் பேரில் வேலைக்கு வருகிறோம்’ என்று ஒரு தாளில் எல்லாப் பெண்களிடமும் கையெழுத்து வாங்கச் சொன்னார்கள். அந்தத் தாளைப் பிழையில்லாமல் எழுதிக் கொடுத்தவன் நான். வாக்குப்பதிவன்று காலை, ஷிப்டு தொடங்கும் முன், வார்டனம்மா கேட்டைத் திறந்தார். “சார் சட்டத்தைப் படிச்சவரு, அவரே சொல்லிப்போட்டாரு. போயிட்டு வாங்க கண்ணுகளா” என்று அனுப்பினாராம். நாற்பது பெண்கள் பஸ் பிடித்து ஊருக்குப் போய் ஓட்டுப் போட்டார்கள். பொழுது சாய்வதற்குள் ஒருத்தி பாக்கியில்லாமல் திரும்பியும் வந்துவிட்டார்கள்.

மறுநாள்தான் அந்த விசாரணை. நான் மறுத்ததும் வார்டனம்மா என்னையே பார்த்தார். மேலாளர் மறுபடி கேட்டபோது, “சார் சொல்லலீங்க. நானாத்தான் தொறந்துபோட்டேன்” என்றார். என் வேலை தப்பியது. அவருக்கு வேலையும் போயிற்று, தங்க இருந்த அறையும் போயிற்று. பெட்டியோடு வெளியேறவும் பாஸ் வேண்டியிருந்தது. காரணம் என்ற இடத்தில் ‘சொந்த விருப்பம்’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

சென்ற மாதம் சத்தியமங்கலத்தில் அவருடைய தங்கை மகள் வீட்டைத் தேடிப் போனேன். எனக்கு எழுபத்தாறு. அவருக்கு எண்பதைத் தாண்டியிருக்கும். பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். “அட, அத உடுங்க சார். பொண்டாட்டி புள்ளைக இருந்தாங்க, பயந்துபோட்டீங்க” என்று சிரித்தார். என் மனம் இலேசாகத் தொடங்கிய நேரத்தில், “ஒண்ணே ஒண்ணு கேக்கோணும்னு இருந்தேனுங்க” என்றார். “டீ குடிக்கறப்ப அவ்வளவு பேசுனீங்களே, அதெல்லாம் நீங்க நம்பித்தான் சொன்னீங்களா?”

“ஆமாங்க” என்றேன். அவர் என் முன்னால் இருந்த தம்ளரை இன்னும் கொஞ்சம் என் பக்கம் நகர்த்தினார். பிறகு, “காப்பி ஆறுதுங்க, குடிங்க” என்றார்.