ஒற்றை ரவையும் ஒன்பதாம் பக்கமும்

தவமணிக்கு அநியாயம் செய்துவிட்டோம். அவர் இறந்த முப்பத்தோராம் நாள், மண்டபத்தில் எல்லோர் கையிலும் கொடுக்கப்பட்ட நினைவுமலரின் ஒன்பதாம் பக்கத்தில் அவரைப் பற்றி ஒரு பொய் அச்சாகியிருக்கிறது. எழுதியவர்கள் ஜேர்மன் வேட்டைக்காரர்கள். அதைத் தமிழாக்கி, பூக்கரை கட்டி, பெருமையோடு அச்சடித்தவர்கள் நாங்கள். அந்த மலரில் வடையை வைத்துத் தின்றவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

அவர் போன செய்தி காலையில் வந்தது. நான் ஜேர்மனியில், வுப்பர்டால் நகரில், என் பல்கனித் தக்காளிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். அவருடைய மகள்தான் போனில் அழைத்தாள். "மாமா, அம்மா விடிய ஆறு மணிக்குப் போட்டா" என்றாள். பிறகு கேட்டாள்: "ஆருக்கெல்லாம் அறிவிக்கிறது மாமா? அம்மான்ரை போனிலை ஆக்களின்ரை பேரே இல்லை. 'மான் அடிபட்ட வளைவு', 'பண்டி, மூண்டாம் பாலம்' எண்டுதான் கிடக்கு."

காயப்பட்ட விலங்கு கிடந்த இடத்தைத்தான் அவர் எழுதிவைப்பார். அழைத்த மனிதரின் பெயர் அவருக்கு அவ்வளவு முக்கியமில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தவமணி இறைச்சி வெட்டும் ஆலையில் வேலை செய்தவர். ஒரு நாள் வேலைக்குப் போகும் வழியில் காரில் அடிபட்ட மான் ஒன்று வீதியோரம் உயிரோடு கிடந்தது. சுற்றி நின்றவர்கள் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வேட்டைக்காரர் வந்து அதன் வேதனையை முடிக்க இரண்டு மணித்தியாலம் ஆனது. தவமணி அன்று வேலைக்குப் போகவில்லை. அதன் பக்கத்திலேயே இருந்தார். அடுத்த மாதம் வேட்டை உரிமத்துக்கான வகுப்பில் சேர்ந்தார். எழுத்துப் பரீட்சையில் இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை தேறினார். நாய் ஒன்றை வளர்த்து, பிறர் சுட்டுக் காயப்படுத்திய விலங்குகளைத் தேடிப் போய் முடித்துவைக்கும் வேலையை ஏற்றுக்கொண்டார். லோட்டே என்ற அந்த நாய்க்குத் தமிழ்தான் விளங்கும். "தேடு", "நில்", "விடு" என்றால் செய்யும். ஜேர்மன் வேட்டைக்காரர்கள் கத்தினால் திரும்பியும் பார்க்காது. அதற்குக்கூட அவர்கள் கோபித்தார்கள்.

நம்மவர்கள் அவரை என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியும். துப்பாக்கி வைத்திருந்ததற்காகக் கோயில் வாசலில் "துவக்குக்காரி" என்றீர்கள். "இயக்கத்திலை இருந்திருப்பா" என்றீர்கள். அவர் கொண்டுவந்து தந்த காட்டுப்பன்றி இறைச்சியை மட்டும் ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இப்போது அந்தப் பக்கத்துக்கு வருகிறேன். வேட்டைச் சங்கத்தின் இரங்கல் கடிதத்தில் இப்படி இருக்கிறது: "அவர் ஒரு ரவை மட்டுமே கொள்ளும் கைத்துப்பாக்கியைப் பிடிவாதமாக வைத்திருந்தார். அதனால் எங்கள் உறுப்பினர் ஒருவர் ஒருமுறை காலில் காயமடைய நேர்ந்தது. ஆயினும் நாங்கள் அவரை அன்போடு ஏற்றுக்கொண்டோம்."

ஆயினும் ஏற்றுக்கொண்டார்களாம்.

அந்தத் துப்பாக்கியை அவர் வாங்கிய அன்று நான் கூட இருந்தேன். இந்த நாட்டில் கைத்துப்பாக்கியால் வேட்டையாடச் சட்டம் விடாது. காயப்பட்டதன் உயிரை முடிக்கவும், பொறியிலோ வளையிலோ அகப்பட்டதைச் சுடவும் மட்டுமே அதற்கு அனுமதி. அந்த அனுமதிக்கே விண்ணப்பிக்க ஒரு அன்ராக், அலுவலகத்தில் ஆளைச் சந்திக்க ஒரு தெர்மின், பிறகு இன்னொரு தெர்மின். எல்லாம் முடித்துக் கடைக்குப் போனோம். கடைக்காரர் பதினைந்து ரவை கொள்ளும் பிஸ்டலை எடுத்து வைத்தார். பெண்களுக்குக் கைக்கு அடக்கமானது என்றார். தவமணி அதைத் தொடவேயில்லை. "ஒண்டு மட்டும் போடுறதுகளைக் காட்டச் சொல்லுங்கோ அண்ணை" என்றார். கடைக்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

மூன்று வந்தன. தவமணி ஒவ்வொன்றையும் உறையில் போட்டு நெஞ்சில் கட்டிக்கொண்டு, அந்தக் கடையின் தரையில் முழங்காலில் தவழ்ந்தார். தொப்பி அடுக்கியிருந்த தட்டுகளுக்கு நடுவே போய்த் திரும்பினார். இரண்டு துப்பாக்கிகளின் குழல் தரையில் இடித்தது. மூன்றாவது இடிக்கவில்லை. அதை நடுவால் மடித்துக் குழலுக்குள் வெளிச்சத்தைப் பார்த்தார். கம்பளிக் கையுறையோடு பெருவிரலால் ரவையை அடிக்கும் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தார்.

நான் ரிவால்வர்தான் நல்லது என்று வாதாடினேன். இதற்குப் போகும் அதே நீளமான, பலமான ரவை அதிலும் போகும், ஐந்து போகும்.

"அண்ணை, நான் முள்ளுக்குள்ளை போறன். ஒரு கையிலை நாய்க்கயிறு. தோளிலை கிடக்கிற நீளத் துவக்கு அதுக்குள்ளை திரும்பாது. மடிச்சுப் பாத்தால் ரவை இருக்கோ இல்லையோ எண்டு குழந்தைக்கும் தெரியிற சாமான்தான் எனக்கு வேணும். விழுந்தாலும் தன்பாட்டிலை வெடிக்கப்படாது."

"பண்டி திரும்பி வந்தால் என்ன செய்வீர்?"

"அஞ்சு இருந்தால் முதலாவதை ஆரும் கவனமாய் வைக்க மாட்டினம். ஒண்டுதான் எண்டால், நாய் விலகுமட்டும் பொறுத்திருப்பன்."

ரிவால்வர் பற்றி நான் சொன்னது பிழை என்று இன்றைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் தான் எடுக்கும் ஆயுதத்துக்கு ஏற்றபடி தன்னையே கட்டுப்படுத்திக்கொண்ட வேறொருவரை நான் கண்டதில்லை.

அந்தக் "காயமடைந்த உறுப்பினர்" ஹார்ட்மூட். நல்ல துணியில் பச்சைச் சட்டை போடுபவர். ஒரு மாலை அவர் ஒரு பன்றியைச் சுட்டு, பிழையான இடத்தில் காயப்படுத்திவிட்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் காலை தவமணியை அழைத்தார். நானும் போனேன். நாயின் கயிறு சிக்கினால் எடுத்துவிடுவது என் வேலை. துப்பாக்கி எனக்குக் கிடையாது. அந்தத் தேடலில் நாயோடு போகிறவர் சொல்வதுதான் கட்டளை. தவமணி ஜேர்மன் மொழியில் தெளிவாகச் சொன்னார்: "நீங்கள் எனக்குப் பின்னால். சுடுவது நான் மட்டும்."

ஹார்ட்மூட் தலையாட்டினார். லோட்டே முட்புதருக்குள் பன்றியைக் கண்டு குரைத்ததும் அவர் எங்களைத் தாண்டிப் பாய்ந்தார். புதிதாக வாங்கிய பிஸ்டலை எடுத்து ஏழு வெடி வைத்தார். ஒன்றும் பன்றியில் படவில்லை. ஒன்று நாயின் தலைக்கு ஒரு சாண் மேலே மரப்பட்டையைக் கிழித்தது. பன்றி ஒரு முறை உறுமியது. மனிதர் திரும்பி ஓடி, வேரில் தடக்கி, வாய்க்காலுக்குள் விழுந்து முழங்காலைச் சுளுக்கிக்கொண்டார். பன்றி அவரைத் தொடவேயில்லை.

தவமணி முழங்காலில் தவழ்ந்து உள்ளே போனார். "லோட்டே, விடு" என்ற குரல் கேட்டது. நாய் விலகியது. ஒரு வெடி. பிறகு காடு முழுக்க அமைதி.

வெளியே வந்து துப்பாக்கியை மடித்து, சுட்ட ரவையின் வெற்றுக் கோதை விரலால் இழுத்து என் கையில் தந்தார். "அண்ணை, அந்த மனிசன்ரை கோதுகளையும் பொறுக்குங்கோ. மாடு மேயிற காணி" என்றார். பிறகு வாய்க்காலுக்குள் இறங்கி ஹார்ட்மூட்டைத் தூக்கி இருத்தினார்.

அடுத்த கிழமையே ஹார்ட்மூட் வேறு கதை சொன்னார். பன்றி பாய்ந்ததாம். தவமணியிடம் இரண்டாவது ரவை இல்லாததால் தான் குறுக்கே நின்று அவரைக் காப்பாற்றினாராம். நான் கொதித்துப்போய்த் தவமணியிடம் போனேன். அவர் நாயின் காதில் முள் எடுத்துக்கொண்டிருந்தார்.

"சொல்லட்டும் அண்ணை. பண்டிக்கு உண்மை தெரியும்."

அதுதான் தவமணி. எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. பன்றி செத்துவிட்டது. லோட்டே போன வருடம் போனது. இப்போது தவமணியும் இல்லை. அந்தக் காலையைக் கண்டவர்களில் மிச்சம் அந்தப் பொய்யரும் நானும்தான்.

முப்பத்தோராம் நாள் மலரைத் திறந்தவுடன், அதை அச்சடித்த நம் தமிழ்ச் சங்கத்தின் செயலாளரிடம் போனேன்.

"தம்பி, ஒன்பதாம் பக்கம் என்ன?"

"பாத்தனீங்களோ அண்ணை! டொச்காரரின்ரை வேட்டைச் சங்கம் முத்திரை குத்தித் தந்த கடிதம். எங்கடை சனத்திலை ஆருக்கு இப்பிடி வந்தது?"

"வாசிச்சனீரோ?"

"மொழிபெயர்த்ததே நான்தானே."

"மொழிபெயர்த்தனீர், தெரியும். வாசிச்சனீரோ?"

அவர் முகம் மாறியது. "ரெண்டு வரிதானே அண்ணை. விடுங்கோவன். எல்லாரும் சாப்பிடுகினம்."

முத்திரை இருந்தால் போதும் நமக்கு. செருப்பால் அடித்துவிட்டு அடித்ததற்குச் சான்றிதழ் தந்தாலும் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவோம். மகளில் நான் குறை சொல்லவில்லை. அவள் துக்கத்தில் உறையைப் பிரிக்காமலே செயலாளரிடம் கொடுத்திருக்கிறாள். தமிழ் அவளுக்குச் சரளமாக வாசிக்க வராது. வாசிக்கத் தெரிந்த நாங்கள் இருநூறு பேர் அங்கே இருந்தோம்.

ஆகவே செய்யவேண்டியவை இவை. செயலாளர் ஒன்பதாம் பக்கத்துக்குப் பதிலாக, அந்தக் காலையில் நடந்ததை எழுதிய ஒரு தாளை அச்சடித்து, மலர் வாங்கிய ஒவ்வொரு வீட்டுக்கும் தானே கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். தபாலில் அனுப்பக்கூடாது. மலரை வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கத்தைக் கிழிக்கவேண்டும். வேட்டைச் சங்கத் தலைவர் தன் கடிதத்தை எழுத்தில் திரும்பப் பெறவேண்டும். தவமணியின் துப்பாக்கியைத் தங்கள் சுவரில் நினைவாக மாட்டக் கேட்டிருக்கிறார்களாம்; மகள் அதைக் கொடுக்கக்கூடாது. சட்டப்படி எங்கே ஒப்படைக்கவேண்டுமோ அங்கே ஒப்படைக்கட்டும்.

ஹார்ட்மூட் என் வீட்டுக்கு வரவேண்டும். படி ஏற முழங்கால் இடம் கொடுக்கும். ஒவ்வொரு சனியும் சந்தையில் நடக்கிறார், பார்க்கிறேன். என்னிடம் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. அதில் ஏழு கட்டைக் கோதுகளும் ஒரு நீளக் கோதும் இருக்கின்றன. நடந்ததை நடந்தபடி அவர் தன் வாயால் சொன்னால், அந்த ஏழையும் திருப்பித் தருவேன்.

எட்டாவது என்னோடு இருக்கும்.